கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா? பேஜ் ஃபைலை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

1/
"ரேம் 8 ஜிபிக்கு மேல இருந்தா விர்ச்சுவல் மெமரி தேவையே இல்லை. ஆஃப் பண்ணுங்க, கம்ப்யூட்டர் பறக்கும்!"

இப்படி ஒரு டிப்ஸ் ரொம்ப வருஷமாவே சுத்திட்டு இருக்கு. இப்போ வீடியோவா வருது. போன வாரம் மட்டும் மூணு பேர் எனக்கு ஃபார்வர்ட் பண்ணி, "டாக்டர், இதைச் செய்யலாமா?"ன்னு கேட்டுட்டாங்க.

சுருக்கமான பதில்: வேண்டாம்.
நீளமான பதில்தான் இந்தத் த்ரெட்.

2/
"சுகர், பிரஷர் பத்தி எழுதுற ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு தோணும். நியாயம்தான்.

ஹவுஸ் சர்ஜன் காலத்துல இருந்தே கம்ப்யூட்டரைப் பிரிச்சு மாட்டுறது எனக்குப் பொழுதுபோக்கு. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த டிப்ஸ்ல நடக்கிற தப்பை நான் தினமும் ஓ.பி.யில பார்க்கிறேன். நோயை விட்டுட்டு, நோயைச் சமாளிக்க உடம்பு செய்ற வேலையை நிறுத்துறது. அதனாலதான் எழுதுறேன்.

3/
முதல்ல அடிப்படை.

ரேம்ங்கிறது கம்ப்யூட்டர் இப்போ கையில வச்சு வேலை செய்ற இடம். வேகமானது, ஆனா கொஞ்சம்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி நிறைய கொள்ளும், ஆனா மெதுவானது.

ரேம் பத்தாமல் போகும்போது, இப்போதைக்குத் தேவைப்படாததை டிஸ்க்ல ஓர் ஓரமா எழுதி வச்சுட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கும். இந்தப் போக்குவரத்துதான் பேஜிங். விண்டோஸ்ல அந்த ஓரத்துக்குப் பேர் பேஜ் ஃபைல். லினக்ஸ்லயும் மேக்லயும் ஸ்வாப்னு சொல்வாங்க.

4/
இது நேத்து வந்த விஷயம் இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல 1962ல அட்லஸ்னு ஒரு கம்ப்யூட்டர் இயங்க ஆரம்பிச்சது. டாம் கில்பர்ன் தலைமையிலான குழு உருவாக்கினது. அதோட முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். இன்றைய கணக்குல சுமார் 96 கேபி. ஒரு வாட்ஸ்அப் போட்டோ அளவுதான்!

பத்தாத மிச்சத்துக்குச் சுழலும் காந்த டிரம் ஒண்ணு இருந்துச்சு, 98,304 சொற்கள். எதை எங்கே வைக்கணும்னு அதுவரைக்கும் புரோகிராம் எழுதுறவரே கணக்குப் போட்டு நகர்த்தணும். அந்தத் தலைவலியை மெஷினே எடுத்துக்கிட்டது அட்லஸ்லதான். இன்னிக்கு உங்க லேப்டாப் செய்றதும் அதே வேலைதான்.

5/
சரி, அப்போ ஏன் இதை ஆஃப் பண்ணச் சொல்றாங்க? அவங்க பக்கத்திலயும் ஓர் உண்மை இருக்கு. டிஸ்க் ரொம்ப மெதுவு.

ரேம்ல ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ செகண்ட். எஸ்எஸ்டியில 100 மைக்ரோ செகண்ட். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்ல 10 மில்லி செகண்ட்.

புரியுற மாதிரி சொல்றேன். ரேம்ல எடுக்கிறது 1 செகண்ட்னு வச்சுக்கிட்டா, எஸ்எஸ்டியில 17 நிமிஷம், ஹார்ட் டிஸ்க்ல 28 மணி நேரம்!

6/
அதனால, "டிஸ்க் பக்கமே போக வேண்டாம்னு சொல்லிட்டா எல்லாமே ரேம்ல வேகமா நடக்கும்ல?"ன்னு யோசிக்கிறாங்க. கேட்கச் சரியாத்தான் இருக்கு.

இங்கதான் ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகணும்.

7/
ஒரு ஆஸ்பத்திரியில ஐசியூவுல 8 படுக்கை. மாடியில 16 படுக்கை கொண்ட ஜெனரல் வார்டு.

ஐசியூவுல இருக்கிறவர் தேறிட்டா வார்டுக்கு மாத்துவோம். அந்தப் படுக்கை, அடுத்து மூச்சுத்திணறலோட வர்றவருக்கு. வார்டுல இருக்கிறவருக்கு மோசமானா ஸ்ட்ரெச்சர்ல திரும்பக் கீழே கொண்டு வருவோம். லிஃப்டுக்குக் காத்திருக்கிற நேரம் வேதனைதான்.

ஐசியூ ரேம். வார்டு பேஜ் ஃபைல். ஸ்ட்ரெச்சர் பயணம் பேஜிங்.

8/
இப்போ நிர்வாகத்துல ஒருத்தர், "ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி இறக்குறதாலதான் லேட் ஆகுது. வார்டைப் பூட்டிடலாம். எல்லாருக்கும் ஐசியூவுலயே வைத்தியம்!"னு முடிவெடுக்கிறார்.

கேட்க அருமையா இருக்கும். ஆனா என்ன நடக்கும்?

தேறி உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கிறவரும் ஐசியூ படுக்கையிலேயே இருப்பார். ஒன்பதாவதா வர்ற ஹார்ட் அட்டாக் நோயாளிக்கு இடம் இருக்காது.

9/
பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணினா உங்க கம்ப்யூட்டர்ல நடக்கிறதும் இதுதான். காலையில திறந்துட்டு மறந்துபோன இருபது குரோம் டேப், ஓரமா உட்கார்ந்திருக்கிற பிரிண்டர் சாஃப்ட்வேர், எப்பவோ மினிமைஸ் பண்ணின வேர்டு ஃபைல். இவை எழுதி வச்சிருக்கிற தகவலுக்கு வேற எங்கேயும் நகல் கிடையாது. அதனால வெளியே தள்ள முடியாது. ரேம்லயே படுத்திருக்கும்.

10/
இன்னொரு வேடிக்கையும் இருக்கு. பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணினாலும் பேஜிங் நிக்காது!

ஆமா. ஒரு புரோகிராமோட கோடு ஏற்கெனவே டிஸ்க்ல ஃபைலா இருக்கு. இடம் பத்தாதபோது விண்டோஸ் அதை ரேம்ல இருந்து தூக்கிப் போட்டுட்டு, தேவைப்படும்போது அந்த ஃபைல்ல இருந்தே திரும்பப் படிச்சுக்கும். இதுக்குப் பேஜ் ஃபைல் தேவையில்லை.

அதாவது, பயன்படுத்தாத குரோம் டேப் ரேம்ல பத்திரமா இருக்கும். நீங்க இப்போ ஓட்டிட்டு இருக்கிற புரோகிராமோட கோடு வெளியே போய் வரும். தேறினவர் உள்ளே, சீரியஸானவர் வராந்தாவுல. வேகத்துக்காகச் செஞ்ச வேலை வேகத்தையே குறைக்கும்.

11/
இதைவிட ஆபத்தான விஷயம் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேர் கமிட் லிமிட். வீடியோ போடுறவங்க பெரும்பாலும் இதைச் சொல்றதே இல்லை.

ஒரு புரோகிராம், "எனக்கு இவ்வளவு இடம் வேணும்"னு விண்டோஸ்கிட்ட முன்கூட்டியே கேட்கும். விண்டோஸ் கொடுத்த வாக்கைக் காப்பாத்துற ஆள். கொடுக்க முடியும்னா மட்டும்தான் சரின்னு சொல்லும். அது கொடுக்கிற மொத்த வாக்கோட உச்சவரம்பு = ரேம் + பேஜ் ஃபைல்.

பேஜ் ஃபைல் பூஜ்யம்னா உச்சவரம்பு வெறும் ரேம் மட்டும்.

12/
நம்ம ஆஸ்பத்திரியில சொல்லணும்னா, அட்மிஷன் புக்கிங். நாளைக்கு ஆபரேஷன், மூணு பேர் படுக்கை புக் பண்ணியாச்சு. இன்னும் வரலை. படுக்கை காலியாத்தான் இருக்கு, ஆனா அது அவங்களோடது. வார்டு திறந்திருந்தா அந்த மூணு பேரை அங்கே கணக்கு வச்சுக்கிட்டு, இப்போ வந்தவரை ஐசியூவுல சேர்த்துடலாம். வார்டு பூட்டியாச்சே!

கண் எதிர்ல மூணு படுக்கை காலி. வாசல்ல நோயாளி. "இடம் இல்லை"ன்னு திருப்பி அனுப்புறோம்.

ரேம்ல இடம் இருக்கும்போதே "அவுட் ஆஃப் மெமரி"ன்னு புரோகிராம் மூடிக்கிறது இதனாலதான்.

13/
நேர்ல பார்த்த ஒரு விஷயம் சொல்றேன்.

எனக்குத் தெரிஞ்ச முதுநிலை மருத்துவ மாணவர் ஒருத்தர். தீசிஸ் சமர்ப்பிக்க இன்னும் ஒன்பது நாள். 8 ஜிபி லேப்டாப். ஸ்லோவா இருக்குன்னு, கூடப் படிக்கிற நண்பர் பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணிக் கொடுத்திருக்கார். ரெண்டு நாள் நல்லாவே ஓடிச்சு. "அண்ணா, சூப்பரா இருக்கு"ன்னு மெசேஜ் கூட வந்துச்சு.

மூணாவது நாள் ராத்திரி. குரோம்ல ஆய்வுக் கட்டுரைகள், வேர்டுல தீசிஸ், நடுவுல ஒரு வீடியோ கால், கூடவே புள்ளியியல் சாஃப்ட்வேர். நைட் டூட்டிக்கு நடுவுல உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து 40 நோயாளிகளோட விவரத்தை ஏத்தியிருக்கார். சேவ் பண்ணலை. சாஃப்ட்வேர் பொசுக்குன்னு மூடிக்கிச்சு.

14/
காலையில போன் பண்ணும்போது குரலே சரியில்லை. "அண்ணா, டாஸ்க் மேனேஜர்ல ரேம் 70 சதவீதம்தான் காட்டுச்சு. இன்னும் ரெண்டு ஜிபி காலியா இருந்துச்சு. அப்புறம் எப்படி?"ன்னு கேட்டார்.

அந்த ரெண்டு ஜிபிதான், புக் பண்ணிட்டு வராத மூணு படுக்கை.

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். பேஜ் ஃபைலைத் திரும்ப ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினோம். அதுக்கு ரெண்டு நிமிஷம். அந்த 40 கேஸ் ஷீட்டை மறுபடி ஏத்த அவருக்கு மூணு ராத்திரி.

15/
லினக்ஸ் வேற மாதிரி. "வர்றவங்க எல்லாரும் புக் பண்ணினதை முழுசாப் பயன்படுத்தப் போறதில்லை"ங்கிற நம்பிக்கையில, இருக்கிறதைவிடக் கூடுதலாகவே வாக்குக் கொடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல வந்துட்டா? ஓஓஎம் கில்லர்னு ஒருத்தர் வந்து, எதை முடிச்சா நிறைய இடம் கிடைக்கும்னு பார்த்து ஒரு புரோகிராமை முடிச்சு வச்சிடுவார். அது பெரும்பாலும் நீங்க அப்போ ஓட்டிட்டு இருக்கிற பெரிய புரோகிராமாத்தான் இருக்கும்.

16/
இப்போ மெடிசினுக்கு வர்றேன்.

ஒருத்தர் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 120ன்னு வர்றார். ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 6. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறன் பாதியாக் குறைஞ்சு போச்சு. அதை ஈடுகட்ட இதயம் ரெண்டு மடங்கு ஓடுது.

இவருக்கு நாடித்துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்தா நம்பர் அழகா 70க்கு வரும். ஆள் மயங்கி விழுவார். கொடுக்க வேண்டியது இரும்புச்சத்து, தேவைன்னா ரத்தம். ரத்தம் எங்கே போகுதுன்னும் தேடணும்.

டிஸ்க் லைட் விடாம மின்னுறது அந்த 120 நாடித்துடிப்பு. ரேம் பத்தாததுதான் ரத்தசோகை.

17/
அதுக்காகப் பேஜ் ஃபைல் எல்லாத்தையும் காப்பாத்திடும்னும் நினைக்க வேண்டாம். இதயம் ஈடுகட்டுறதுக்கும் ஒரு எல்லை இருக்கு, தாண்டினா ஃபெயிலியர். கம்ப்யூட்டர்லயும் அதே கதை.

நீங்க ஒரே நேரத்துல உண்மையிலேயே பயன்படுத்துற அளவு ரேமைத் தாண்டிட்டா, ஸ்ட்ரெச்சர் தள்ளுறதே முழுநேர வேலையாயிடும். டாக்டர் நோயாளியைத் தொடவே மாட்டார். மவுஸ் நகரும், வேற எதுவும் நகராது. இதுக்கு த்ராஷிங்னு பேர். இது ஏன் நடக்குதுன்னு 1968ல பீட்டர் டென்னிங் தெளிவா விளக்கினார். இன்னிக்கும் விளக்கம் அதுதான்.

இதுக்கு மருந்து பேஜ் ஃபைலைப் பெருசாக்குறதும் இல்லை, மூடுறதும் இல்லை. சுமையைக் குறைக்கணும், இல்லைன்னா ரேம் போடணும்.

18/
அடுத்து கமெண்ட்ல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில்.

"எஸ்எஸ்டி தேஞ்சு போயிடாதா டாக்டர்?"

எஸ்எஸ்டிக்கு எழுதும் ஆயுள்னு ஒண்ணு உண்டு, உண்மைதான். 250 ஜிபி அளவுல பரவலாக் கிடைக்கிற எஸ்எஸ்டிகள் சிலதுக்கு 150 டெராபைட் வரை எழுதலாம்னு கம்பெனியே உத்தரவாதம் தருது. நான் 100னே வச்சுக்கிறேன். தினமும் 20 ஜிபி எழுதினா வருஷத்துக்கு 7.3 டெராபைட். பதிமூணு வருஷத்துக்கு மேல வரும். அதுக்குள்ள லேப்டாப்போட கீல் உடைஞ்சிருக்கும்.

19/
விண்டோஸ் 7 வெளியான 2009ல மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாங்க. அவங்க சேகரிச்ச தகவல்படி, பேஜ் ஃபைல்ல ஒரு முறை எழுதினா சுமார் 40 முறை படிக்குது. படிக்கிறது சின்னச் சின்னத் துண்டா, எழுதுறது மொத்தமா. இது ரெண்டுமே எஸ்எஸ்டிக்கு ஏத்த வேலை. பேஜ் ஃபைலை எஸ்எஸ்டியில வைக்கலாமான்னா, தாராளமா வைக்கலாம்னுதான் அவங்க பதில்.

20/
"என்கிட்ட 32 ஜிபி ரேம் இருக்கே?"

மெயில், யூடியூப், கொஞ்சம் எக்செல்னா ஆஃப் பண்ணினாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆனா லாபம்? அவ்வளவு ரேம் இருக்கிற மெஷின் பேஜ் ஃபைலை அதிகம் தொடவே தொடாது. தொடாத ஒண்ணை மூடுறதால வேகம் எங்கிருந்து வரும்? நஷ்டம் மட்டும்தான் பாக்கி. ஒரு நாள் பெரிய வீடியோ எடிட்டிங் செய்யும்போது அது தெரியும்.

21/
இன்னொரு நஷ்டமும் உண்டு. ப்ளூ ஸ்கிரீன் வந்து மெஷின் விழும்போது, அந்த நொடியில ரேம்ல என்ன இருந்துச்சுன்னு விண்டோஸ் பேஜ் ஃபைல் வழியாத்தான் டிஸ்க்ல எழுதி வைக்கும். அது கம்ப்யூட்டரோட போஸ்ட் மார்ட்டம் ரிப்போர்ட். எந்த டிரைவர் கோளாறு, எந்த ரேம் கோளாறுன்னு அதுல இருந்துதான் கண்டுபிடிப்போம். பேஜ் ஃபைல் இல்லைன்னா வழக்கமா அந்த ரிப்போர்ட்டும் இல்லை. காரணம் தெரியாத மரணம்.

22/
"பேஜ் ஃபைல்ல நோயாளிகளோட விவரம் இருக்குமே, யாராவது எடுத்துட்டா?"

நல்ல கேள்வி, முக்கியமா வீட்டு லேப்டாப்ல ரிப்போர்ட் பார்க்கிற டாக்டர்களுக்கு. ரேம்ல இருந்தது எதுவும் அந்த ஃபைல்ல தங்கியிருக்கலாம். ஆனா அதே டிஸ்க்ல உங்க டவுன்லோடு ஃபோல்டரும் இருக்கே! ஜன்னலைப் பூட்டிட்டு வாசக்கதவைத் திறந்து வைக்கிற கதை. முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் பண்ணுங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன். அப்போ பேஜ் ஃபைலும் சேர்ந்து பூட்டிக்கும். ரெக்கவரி கீயைப் பத்திரமா வேற இடத்துல எழுதி வைங்க.

23/
"பெரிய சர்வர்ல எல்லாம் ஆஃப் பண்ணித்தானே வைக்கிறாங்க?"

சில இடங்கள்ல ஆமா. கூபர்நெட்டிஸ்ல ரொம்ப நாளா ஸ்வாப் ஆன்ல இருந்தா ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். அதை ஏத்துக்கிற வேலையைச் சோதனை அளவுல 2021லதான் ஆரம்பிச்சாங்க. ஆனா அங்கே ஒரு மெஷின் விழுந்தா அடுத்தது அந்த வேலையை எடுத்துக்கும். உங்க வீட்டுல அடுத்த மெஷின் எங்கே?

ஐசியூவுல மானிட்டர் மாட்டிக் கொடுக்கிற மருந்தை, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கக் கூடாது.

24/
ஒரு தமாஷ் சொல்லவா? "8 ஜிபி + 8 ஜிபி ரேம்"னு மொபைல் விளம்பரம் பார்த்திருப்பீங்க. அந்த ரெண்டாவது 8 ஜிபி ரேமே இல்லை. போன் ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்கின இடம். அதாவது, நாம பேசிட்டு இருக்கிற அதே விஷயம். போன்ல அதுக்குக் காசு கொடுத்து வாங்குறோம், கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணச் சொல்றோம்!

25/
சரி, கம்ப்யூட்டர் நிஜமாவே ஸ்லோவா இருக்கு, என்ன பண்றது? முதல்ல டயக்னோசிஸ்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. "கமிட்டட்"னு இருக்கிற இடத்துல 9.1/15.8 மாதிரி ரெண்டு எண் இருக்கும். முதல் எண் கொடுத்த வாக்கு, ரெண்டாவது உச்சவரம்பு.

நீங்க அதிகபட்சமா வேலை செய்ற நேரத்துல பாருங்க. முதல் எண் உங்க ரேம் அளவை அடிக்கடி தாண்டி, அதே நேரம் டிஸ்க்கும் 100 சதவீதத்துல நின்னா, ரத்தசோகை உறுதி.

26/
இனி மருந்துச் சீட்டு.

- தேவையில்லாத டேப்பை மூடுங்க. ஸ்டார்ட்அப் ஆப்ஸ்ல சும்மா உட்கார்ந்திருக்கிறதை நிறுத்துங்க. செலவு பூஜ்யம்.

- இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்லதான் விண்டோஸ் ஓடுதுன்னா, எஸ்எஸ்டிக்கு மாறுங்க. பழைய மெஷினுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது.

- அதே மெமரி பக்கத்துல "ஸ்லாட்ஸ் யூஸ்டு"ன்னு இருக்கும். 1 ஆஃப் 2ன்னு காட்டினா இன்னொரு ரேம் போட வாய்ப்பு இருக்கு. சில லேப்டாப்ல ரேமை போர்டுலயே ஒட்டியிருப்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடி கடையில காட்டிக் கேளுங்க.

- சி டிரைவ்ல எப்பவும் கொஞ்சம் இடம் விடுங்க. இடம் இல்லைன்னா பேஜ் ஃபைல் தேவைப்படும்போது வளர முடியாது.

27/
ஏற்கெனவே ஆஃப் பண்ணிட்டீங்களா? பயப்பட வேண்டாம். விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்தி, வர்ற பெட்டியில எஸ், ஒய், எஸ், டி, எம், புள்ளி, சி, பி, எல்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி என்டர். அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். மேல "ஆட்டோமேட்டிகலி மேனேஜ்"னு தொடங்குற பெட்டியில டிக் போடுங்க. ஓகே. ரீஸ்டார்ட். முடிஞ்சது.

ரேமுக்கு ஒன்றரை மடங்கு வைக்கணும்ங்கிற கணக்கெல்லாம் எக்ஸ்பி காலத்துச் சமாச்சாரம். அளவை விண்டோஸே பார்த்துக்கட்டும்.

28/
இது எல்லாத்துக்கும் மேல, சேவ். எழுதும்போதே அடிக்கடி சேவ். ஆட்டோ சேவ் ஆன். முக்கியமானதுக்கு வேற இடத்துல ஒரு காப்பி. இதைவிட நல்ல தடுப்பூசி கம்ப்யூட்டருக்குக் கிடையாது. தீசிஸ் எழுதுற தம்பி தங்கைகளுக்கு இதைக் கட்டாயம் அனுப்புங்க.

29/
ஒரு பொத்தானை அமுக்கினா எல்லாம் வேகமாயிடும்னு யாராவது சொன்னா, உடம்போ கம்ப்யூட்டரோ, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது இவ்வளவு நாள் எதுக்காக அங்கே இருந்துச்சு?"

பதில் தெரிஞ்ச பிறகு அமுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவெடுக்கலாம்.

சந்தேகம் இருந்தா கேளுங்க. ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.